இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க எதற்கு இரண்டு வருடப் படிப்பு?

எம்.ஏ. டீசால் படித்தவள் என்று சொன்னால் பாதிப் பேர் ஷேக்ஸ்பியர் பக்கம் போய்விடுகிறார்கள். மீதிப் பேர், ஊருக்குத் திரும்பி ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் வைக்கப்போகிறாயா என்று கேட்கிறார்கள். என் சித்தப்பா சுற்றி வளைக்காமல் கேட்டார். “ஏம்மா, நீதான் இங்கயே எம்.ஏ. இங்கிலீஷ் முடிச்சுட்டியே. தெரிஞ்ச இங்கிலீஷைச் சொல்லிக் குடுக்க அமெரிக்கா போய் இன்னும் ரெண்டு வருஷம் படிக்கணுமா?”

நியாயமான கேள்விதான். அன்றைக்கு அவருக்குப் பதில் சொல்ல என்னிடம் சரக்கு இல்லை. இப்போது கொஞ்சம் இருக்கிறது. இந்தப் படிப்புக்குப் போகலாமா என்று அவ்வப்போது என்னிடம் கேட்கிற தம்பி தங்கைகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் துறைக்குப் பெயர் டீசால். இலக்கியத்துக்கும் இதற்கும் பெரிய ஒட்டுறவு கிடையாது. நான் படித்தது அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகம். அங்கே இந்த முதுகலை பெரும்பாலும் 30 முதல் 36 கிரெடிட் வரை இருக்கும்; இரண்டு வருடம் ஆகும். ஒலியியல், ஆசிரியர்களுக்கான இலக்கணம், இரண்டாம் மொழி மனதில் எப்படி ஏறுகிறது என்ற ஆராய்ச்சி, கற்பிக்கும் முறைகள், தேர்வுத்தாள் தயாரிப்பது, சமூகமும் மொழியும், கடைசியில் நிஜ வகுப்பில் பயிற்சி. இவைதான் தாள்கள். பிரிட்டனில் இதையே ஒரு வருடத்தில், ஆய்வேட்டோடு சேர்த்து முடித்துவிடுவார்கள். ஏற்கெனவே சில வருடம் பாடம் நடத்தியவர்களுக்கு அது சரி. கரும்பலகைப் பக்கமே போகாதவர்களுக்கு அந்த அவசரம் ஒத்துவராது என்பது என் அபிப்பிராயம்.

ஒலியியல் வகுப்பின் ஆரம்ப வாரங்களில் ஒருநாள் பேராசிரியர் ஆளுக்கொரு டிஷ்யூ பேப்பர் கீற்றைக் கொடுத்தார். அதை உதட்டுக்கு முன்னால் இரண்டு விரல் தள்ளிப் பிடித்துக்கொண்டு ‘பென்’, ‘பேப்பர்’, ‘பாட்’ என்று சொல்ல வேண்டும். அமெரிக்க மாணவர்கள் சொன்னபோது கீற்று படபடவென்று அடித்தது. நான் சொன்னேன். அசையவே இல்லை. பக்கத்தில் இருந்த மெக்சிகோக்காரருக்கும் அசையவில்லை. கொரியப் பெண்ணுக்கு எகிறியது. பேராசிரியருக்கு ஒரே குஷி. என்னை எழுப்பி முன்னால் நிற்க வைத்து, இன்னும் நான்கைந்து சொற்களைச் சொல்ல வைத்தார்.

விஷயம் இதுதான். சொல்லின் தொடக்கத்தில் வரும் ஆங்கில ‘ப’வில் (p) ஒரு மூச்சு உண்டு. தமிழில் அது கிடையாது. உதடு திறந்ததற்கும் தொண்டையில் குரல் அதிரத் தொடங்குவதற்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. லிஸ்கர், ஏப்ராம்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1964-ல் இதைப் 11 மொழிகளில் அளந்து வெளியிட்டார்கள். அதில் தமிழும் ஒன்று. ஆங்கில ‘ப’வுக்கு 60 மில்லி நொடிக்குக் கொஞ்சம் குறைவு, நம்முடையதற்குப் பத்துப் பன்னிரண்டு. அதனால்தான் நாம் ‘பென்’ என்று சொன்னால் சில அமெரிக்கக் காதுகளில் அது ‘Ben’ என்ற ஆளின் பெயராக விழுகிறது. வீட்டில் இங்கிலீஷ் பேப்பர் படித்து, கல்லூரியில் இங்கிலீஷ் இலக்கியம் படித்து வளர்ந்த எனக்கு இதை யாரும் சொன்னதில்லை. அதைவிட வேடிக்கை, உடன் படித்த அமெரிக்கர்களுக்கும் தெரியாது. பிறந்தது முதல் அந்த மூச்சை விட்டுக்கொண்டே இருப்பவர்களுக்கு அது கண்ணில் படுவதில்லை.

சரி, இதனால் என்ன லாபம்? அரபு மொழியில் இந்த ‘ப’ (p) ஒலி கிடையாது, தொண்டையில் குரல் அதிர வரும் ‘ப’ (b) மட்டும் உண்டு. எங்கள் பல்கலைக்கழகத்தின் தீவிர ஆங்கிலப் பயிற்சி மையத்தில் அப்போது சவுதி மாணவர்கள் நிறையப் பேர். அவர்கள் வண்டியை ‘பார்க்கிங்’ பண்ணிவிட்டு வருகிறேன் என்றால் நாய் குரைக்கிற ‘பார்க்கிங்’ மாதிரிக் கேட்கும். (தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், நம் எழுத்துக்கு அந்தக் கவலையே இல்லை.) “இன்னும் அழுத்திச் சொல்லு” என்று சொன்னால் பையன் இன்னும் சத்தமாக அதே தவறைச் செய்வான். கையில் டிஷ்யூ கீற்றைக் கொடுத்து, “ஒலியை விடு, பேப்பரை ஆட வை” என்றால் சில நிமிடங்களில் பிடித்துக்கொள்வான். தனிச் சொல்லில் மட்டும்தான். வேகமாகப் பேசும்போது மறுபடி பழைய குரல் வந்துவிடும். ஆனால் எங்கே உதைக்கிறது என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது, ஆசிரியருக்கும் தெரிந்துவிட்டது. இந்தப் படிப்பின் சாரம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. ஒரு மொழியை வெளியே நின்று பார்க்கத் தெரிய வேண்டும். அந்த மொழிக்குள்ளேயே பிறந்தவர்களுக்கு அது சுலபமாக வருவதில்லை.

இலக்கண வகுப்பிலும் இதே கதைதான். ஆங்கிலத்தில் ‘எ’, ‘தி’ எங்கே போடுவது, எங்கே விடுவது என்ற சமாச்சாரம் இருக்கிறதே, அதில் அமெரிக்க மாணவர்கள் தவறை ஒரு நொடியில் கண்டுபிடிப்பார்கள். ஏன் தவறு என்று கேட்டால் “கேட்க நன்றாக இல்லை” என்பார்கள். கொரியப் பெண்ணும், உக்ரைனிலிருந்து வந்த ஒருத்தியும், நானும்தான் விதியைச் சொல்லுவோம். எங்கள் மூன்று பேரின் தாய்மொழியிலும் அந்தச் சொற்கள் இல்லை. நாங்கள் விதியாகப் படித்துத்தான் உள்ளே போனோம். ஹங்கேரிக்காரரான பீட்டர் மெட்ஜெஷ் 1992-ல் ஒரு கட்டுரையில் இதைப் பட்டென்று போட்டு உடைத்திருக்கிறார். மாணவனுக்கு எங்கே இடறும் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பதில், அதே பாதையில் நடந்து வந்த ஆசிரியருக்குக் கூடுதல் பலம் உண்டு என்பது அவர் வாதம்.

நம் ஊர் ஆங்கில ஆசிரியர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. ‘ஹி கோ’, ‘ஷி கம்’ என்று பிள்ளைகள் கடைசியில் ‘ஸ்’ஸை விடுவார்கள். எத்தனை திட்டினாலும், எத்தனை முறை எழுத வைத்தாலும் விடுவார்கள். 1973-ல் ரோஜர் பிரௌன் என்ற ஆய்வாளர், அமெரிக்கக் குழந்தைகள் தாய்மொழியை எந்த வரிசையில் பிடிக்கிறார்கள் என்று பதிவு செய்தார். 1974-ல் டுலே, பர்ட் இருவரும் ஸ்பானிஷ், சீன மொழி பேசும் குழந்தைகள் ஆங்கிலம் கற்கும் வரிசையைப் பார்த்தார்கள். ஸ்பானிஷ் பிள்ளைகளுக்கும் சீனப் பிள்ளைகளுக்கும் வரிசை கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. ‘கோயிங்’, ‘கமிங்’கில் வரும் ‘இங்’ சீக்கிரம் வந்துவிடுகிறது. ‘ஹி கோஸ்’ஸில் வரும் ‘ஸ்’ ரொம்பத் தாமதமாகத்தான் வருகிறது. தாய்மொழியின் செல்வாக்கு அவர்கள் நினைத்ததைவிட அதிகம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் திருத்தம் சொன்னது உண்மை. ஆனாலும் அந்த ‘ஸ்’ தாமதமாக வரும் என்பது அப்படியேதான் நிற்கிறது. நம் பாடநூல்களில் அதை முதல் சில பாடங்களிலேயே வைத்துவிட்டு, வரவில்லை என்று பிள்ளையின் தலையில் குட்டுகிறோம். பாடம் நடத்தும் வரிசை வேறு, மண்டைக்குள் ஏறும் வரிசை வேறு.

திருத்துவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மான்ட்ரியல் பக்கத்தில், பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொள்ளாத பிள்ளைகள் பிரெஞ்சு வழியில் படிக்கும் வகுப்புகளை ராய் லிஸ்டர், லைலா ராண்டா இருவரும் ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து 1997-ல் வெளியிட்டார்கள். மாணவன் தவறாகச் சொன்னால் ஆசிரியர்கள் அதிகமாகச் செய்வது, சரியான வடிவத்தைத் தாங்களே இயல்பாகத் திருப்பிச் சொல்லிவிடுவது. திருத்தங்களில் 55 சதவீதம் அந்த வகை. ஆனால் அப்படித் திருத்தியதில் 31 சதவீதத்துக்குத்தான் மாணவர்களிடமிருந்து ஏதாவது எதிர்வினை வந்தது. மற்றபடி, தாங்கள் சொன்னதற்கு ஆசிரியர் தலையாட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டு மேலே போய்விடுகிறார்கள். மரியாதையான திருத்தம், காதில் விழாத திருத்தம். “என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு” என்று நிறுத்திக் கேட்டால்தான் பையன் தானே யோசித்துத் திருத்திக்கொள்கிறான்.

இதெல்லாம் புத்தகத்தில் இருப்பது. புத்தகத்தை வீட்டிலேயே படித்துக்கொள்ளலாமே என்றால், படித்துக்கொள்ளலாம். ஆனால் பயிற்சி வகுப்பை வீட்டிலிருந்து படிக்க முடியாது.

எங்களுக்குப் பயிற்சி நடந்தது ஒரு சர்ச்சின் கீழ்த்தளத்தில். அமெரிக்காவில் சர்ச்சுகளும் நூலகங்களும் புதிதாக வந்தவர்களுக்கு மாலை நேரங்களில் இலவச ஆங்கில வகுப்பு நடத்துவது சாதாரணம். வகுப்பில் பர்மாவிலிருந்து அகதியாக வந்த கரேன் இனப் பெண்கள், ஹோட்டல் சமையலறையில் வேலை செய்யும் மெக்சிகோக்காரர்கள், காங்கோவிலிருந்து வந்த ஒரு பெரியவர். பாதிப் பேர் அன்றைய ஷிஃப்ட் முடித்த சீருடையோடு வந்து உட்காருவார்கள். எனக்கு வழிகாட்டியாக இருந்த அம்மாள் பல வருடம் இதே வேலையில் ஊறியவர். அவர் வாயிலிருந்து “புரிந்ததா?” என்ற கேள்வி ஒருமுறைகூட வந்து நான் கேட்டதில்லை. கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் தலையாட்டுவார்கள், எதற்குக் கேட்க வேண்டும் என்பார்.

ஒருநாள் அவர் காலியான மாத்திரைக் குப்பி ஒன்றை எடுத்து வந்தார். மருந்துக்கடை லேபிளைப் பெரிதாக நகலெடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார். ஒரு மாத்திரை, தினம் இரண்டு வேளை, சாப்பாட்டோடு. மொத்தம் 20 மாத்திரை. அதில் இருக்கும் சொற்களை அவர் விளக்கவே இல்லை. ஒரே ஒரு கேள்வியைப் பலகையில் எழுதினார்: திங்கட்கிழமை ராத்திரி ஆரம்பித்தால் மாத்திரை என்றைக்குத் தீரும்?

பத்து நாள் என்று யாரோ சொன்னார்கள். கிழமை கேட்டேன் என்றார் இவர். புதன் என்றாள் ஒரு பெண். காங்கோ பெரியவர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். வியாழன் காலை என்றார். ஏன் என்று அம்மாள் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். வகுப்பில் மௌனம். எனக்கே சங்கடமாக இருந்தது. நடுவில் புகுந்து எடுத்துக் கொடுக்க நாக்கு துறுதுறுத்தது. (கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று நொடி காத்திருந்தாலே பதில்களின் நீளமும் தரமும் மாறுகின்றன என்று மேரி பட் ரோ என்பவர் 1970-களில் அமெரிக்க அறிவியல் வகுப்புகளில் அளந்து காட்டியிருக்கிறார்.) பெரியவர் விரல் விட்டு எண்ணினார். அப்புறம் மெதுவாக, “பிகாஸ்... ஃபர்ஸ்ட் நைட்... ஒன்லி ஒன்” என்றார். அவ்வளவுதான், வகுப்பு பற்றிக்கொண்டது. புதன் கட்சியும் வியாழன் கட்சியும் ஆங்கிலத்தில் சண்டை போட்டார்கள். ‘பிகாஸ்’, ‘இஃப்’, ‘தென்’ எல்லாம் தானாக வந்து விழுந்தன. அன்றைக்கு இலக்கணம் என்று அவர் எதையும் நடத்தவில்லை.

வகுப்பு முடிந்து நாற்காலிகளை மடித்து வைக்கும்போது, இந்த முறையை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டேன். “உங்க ஊர்லதான்” என்றார்.

உண்மைதான். என்.எஸ். பிரபு பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் ஆங்கிலக் கல்வி அதிகாரியாக இருந்தவர். பெங்களூரின் மண்டல ஆங்கில நிறுவனத்தோடு சேர்ந்து 1979 முதல் 1984 வரை அவர் ஒரு பரிசோதனை நடத்தினார். பெங்களூர், சென்னை, கடலூர் என்று தென்னிந்தியாவின் சாதாரணப் பள்ளிகள். பெரிய வகுப்புகள், வசதி குறைவு. அங்கே இலக்கணப் பட்டியலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, ரயில் கால அட்டவணை, வரைபடம், வகுப்பு நேர அட்டவணை போன்றவற்றை வைத்துக் கணக்குப் போடுகிற மாதிரி யோசிக்க வைக்கும் பணிகளை மட்டும் கொடுத்தார்கள். மனம் அர்த்தத்தில் மும்முரமாக இருக்கும்போது இலக்கணம் தானாக உள்ளே இறங்கும் என்பது அவர் நம்பிக்கை. மாணவர்களில் பாதிப் பேராவது பணியில் பாதியையாவது சரியாகச் செய்தால் அது பொருத்தமான கடினம் என்று ஒரு தோராய அளவுகோலையும் வைத்திருந்தார்கள். இன்று உலகம் முழுக்கப் பணிவழிக் கற்பித்தல் என்று பேசப்படுவதற்கு இந்தப் ‘பெங்களூர் திட்டம்’தான் முன்னோடிகளில் ஒன்று. இதில் ஒரு சுவாரசியம் உண்டு. பணிவழிக் கற்பித்தல் என்றாலே குழுவாக உட்கார வைப்பதுதான் என்று மேலை நாட்டு வகுப்பறைகளில் பழகிவிட்டார்கள். பிரபுவோ குழுவேலையை ஊக்குவிக்கவில்லை. அரைகுறை ஆங்கிலத்தைப் பிள்ளைகள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்று அதிலேயே உறைந்துவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு.

நான் கடலூர் மாவட்டத்துக்காரி. எங்கள் மாவட்டத்தில் நடந்த ஒன்றை அமெரிக்க சர்ச் ஒன்றின் நிலவறையில் கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. நான் படித்த பள்ளியில் அதன் வாசனைகூட இல்லை. அங்கே இருந்தது அதற்கும் முந்தைய காலத்தின் மிச்சம். 1950-களின் கடைசியில் சென்னை மாநிலத்தில் ஒரு பெரிய இயக்கம் நடந்தது. சில ஆசிரியர்களுக்குப் பயிற்சி, அவர்கள் இன்னும் சிலருக்குப் பயிற்சி, இப்படிப் பனிப்பந்து மாதிரி உருட்டி 27,000 ஆரம்பப்பள்ளி ஆசிரியர்களை எட்டுவது இலக்கு. வாக்கிய அமைப்புகளை வரிசைப்படுத்தி, கட்டம் போட்ட அட்டவணையில் சொற்களை மாற்றி மாற்றிச் சொல்ல வைக்கும் முறை. ‘திஸ் இஸ் எ புக், திஸ் இஸ் எ பென்’ என்று நம் தாத்தா பாட்டி காலம் முதல் ஒப்பித்துக்கொண்டிருக்கிறோமே, அந்தப் பழக்கம் இப்படித்தான் வேர்விட்டது. கிராமப் பள்ளி ஆசிரியராக இருந்த என் தாத்தா அந்த அட்டவணையைப் பழைய காலண்டரின் பின்பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தார். உருண்டு உருண்டு வரும்போது பந்து பெரிதாக வேண்டும். ஆனால் கை மாறக் கை மாறப் பயிற்சியின் காரணம் உதிர்ந்து, கட்டம் மட்டும்தான் மிஞ்சியது என்று நினைக்கிறேன். பிரபு எதிர்த்து நின்றதும் இந்த அமைப்பு வழி முறையைத்தான்.

படிக்க வேண்டிய பட்டியலில் நம்மவர்கள் பிரபுவோடு முடிந்துவிடவில்லை. சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த பி. குமரவடிவேலு 1994-ல் எழுதிய கட்டுரை டீசால் படிக்கிற ஒவ்வொருவர் கையிலும் வந்து விழும். இந்த முறை நல்லதா, அந்த முறை நல்லதா என்று தேடுவதையே நிறுத்துங்கள், முறைகளுக்கு அப்பால் போங்கள் என்றவர் அவர். எந்த ஊர், எந்தப் பிள்ளைகள், எந்த நிலைமை என்று பார்த்து ஆசிரியரே தன் வழியை உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி. அப்புறம் சுரேஷ் கனகராஜா. 1990-களின் முற்பகுதி வரை, போர்க்காலத்தில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். அங்கே அமெரிக்கப் பாடநூல் ஒன்றை வைத்துப் பாடம் நடந்தது. வகுப்பில் மாணவர்கள் சமர்த்தாக உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் அந்தப் புத்தகத்தின் ஓரங்களில் அவர்கள் கிறுக்கி வைத்திருந்ததை அவர் பின்னால் ஆராய்ந்தார். தமிழ்க் குறிப்புகள், சினிமா, காதல், போராட்டம், படங்களில் செய்த மாற்றங்கள். பாடம் அவர்களுக்கு எவ்வளவு அந்நியம் என்பதை அந்த ஓரங்கள் சொல்லின. அதே மனிதர் 2005 முதல் சில ஆண்டுகள் இந்தத் துறையின் முதன்மையான ஆய்விதழுக்கே ஆசிரியராக இருந்தார்.

இவ்வளவு பெருமை பேசியாயிற்று. கசப்பையும் சொல்லிவிடுகிறேன்.

ஆங்கிலம் கற்பிக்க அதைத் தாய்மொழியாகக் கொண்டவரே சிறந்தவர் என்ற எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1961-ல் உகாண்டாவின் மக்கரேரேயில் காமன்வெல்த் நாடுகளின் ஆங்கிலக் கல்வி மாநாடு நடந்தது. அதன் அறிக்கையில் ஊறிக்கிடந்த நம்பிக்கைகளில் இதுவும் ஒன்று என்று ராபர்ட் பிலிப்சன் என்ற ஆய்வாளர் 1992-ல் பிட்டுப் பிட்டு வைத்தார். டீசால் சங்கமே 2006-ல் இந்தப் பாகுபாட்டைக் கண்டித்து அறிக்கை விட்டது. அறிக்கை அறிக்கையாக இருக்கிறது. தென் கொரியாவில் ஆங்கில உரையாடல் ஆசிரியருக்கான விசா பொதுவாக ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா. அந்தப் பாஸ்போர்ட் இருந்தால் எந்தப் பாடத்தில் இளங்கலைப் பட்டம் இருந்தாலும் போதும். உடன் படித்த கொரியப் பெண் சிரித்துக்கொண்டே சொல்வாள்: அவள் ஊரில், அவளைவிடக் கால்வாசி படித்த ஒருவனுக்கு, அவளைவிட முதலில் வேலை. இந்திய பாஸ்போர்ட்டோடு எம்.ஏ. டீசால் முடித்தவர்கள் ஆசியாவின் வேலை விளம்பரங்களைப் பார்த்தால் ‘தாய்மொழியாளர் மட்டும்’ என்ற வரி இன்னமும் கண்ணில் படும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும், நம்மைப் போன்றவர்கள் உதவி ஆசிரியராகப் பாடம் நடத்த வேண்டும் என்றால் பல இடங்களில் தனியாக ஆங்கிலப் பேச்சுத் தேர்வு எழுத வேண்டும். ஆங்கிலம் எப்படிக் கற்பிப்பது என்று படிக்க வந்தவளிடம், வாயைத் திறந்து காட்டு என்பார்கள். நானும் காட்டினேன்.

பணக்கணக்குக்கு வருவோம். இதில் நான் யாருக்கும் சர்க்கரை தடவிச் சொல்வதில்லை. கடன் வாங்கி இந்தப் படிப்புக்குப் போகாதீர்கள். கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதச் சம்பளமும் தரும் உதவி ஆசிரியர் வேலை கிடைத்தால் போங்கள். இல்லையென்றால் ஒரு வருடம் பொறுத்து மறுபடி விண்ணப்பியுங்கள். படிப்பு முடிந்தபின் அமெரிக்காவில் வேலை பார்க்கக் கிடைக்கும் அனுமதி 12 மாதம். அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கு அதற்குமேல் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு பொதுவாக நமக்குக் கிடையாது. அரசுப் பள்ளியில் பாடம் நடத்த மாநில உரிமம் தனியாக வேண்டும், எம்.ஏ. மட்டும் போதாது. பல்கலைக்கழகங்களின் ஆங்கிலப் பயிற்சி மையங்கள்தான் ஒரு காலத்தில் எங்களைப் போன்றவர்களை வாரி அணைத்துக்கொண்டன. 2005-ல் தொடங்கிய சவுதி அரசின் உதவித்தொகைத் திட்டம் ஆயிரக்கணக்கான மாணவர்களை அங்கே அனுப்பியது. 2016-ல் அந்த விதிகள் இறுகின. பின்னாலேயே கொரோனா வந்தது. பல மையங்கள் சுருங்கின, சில மூடியே போயின. இப்போது கிடைப்பதில் பெரும்பகுதி, ஒரு பாடத்துக்கு இவ்வளவு என்று பேசும் பகுதிநேர வேலை. அதை நம்பி எந்த நிறுவனமும் விசா எடுத்துத் தராது.

ஆங்கில ஆசிரியராக நம் நாட்டிலேயே வேலை பார்க்கப்போகிறவர்களுக்கு ஹைதராபாத் இருக்கிறது. 1958-ல் மத்திய ஆங்கில நிறுவனமாகத் தொடங்கி, இப்போது ஆங்கில, அயல்மொழிகள் பல்கலைக்கழகமாக இருக்கும் இடம். ஆங்கில ஆசிரியர்களுக்கான பட்டயப் படிப்புகளை அவர்கள் பல காலமாக நடத்துகிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளின் ஆங்கிலத்தை அமெரிக்கப் பேராசிரியர்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். வேலைக்கு ஒரு கைச்சான்றிதழ் போதும் என்பவர்களுக்கு செல்டா உண்டு. நான்கு வாரம், சுமார் 120 மணி நேரம்; அதில் 6 மணி நேரம் நிஜ மாணவர்கள் முன் பாடம் எடுத்துக் காட்ட வேண்டும். முழி பிதுங்கும், ஆனால் உருப்படியானது. ‘ஏன்’ என்ற கேள்விக்கு அங்கே நேரம் இருக்காது, அவ்வளவுதான்.

நான் எதிர்பாராத இடத்தில் இந்தப் படிப்பு எனக்குக் கைகொடுத்தது. இங்கே அமெரிக்காவில் வாரக்கடைசித் தமிழ்ப் பள்ளியில் நானும் ஒரு தன்னார்வலர். பெரும்பாலான வகுப்புகள் அ, ஆ-வில் தொடங்கி 247 எழுத்தையும் முடித்துவிட்டுத்தான் வாக்கியத்துக்கு வரும். அதற்குள் பிள்ளைகள் பாதி கழன்றுவிடும். அங்கே பாடம் நடத்தும் பெற்றோர்களைக் குறை சொல்ல முடியாது; தங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி அவர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் நாம் எழுத்துப் படிக்க உட்கார்ந்தபோது தமிழ் நம் வாயில் ஏற்கெனவே இருந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு, வீட்டில் “சாப்பிட வா” என்றால் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். போதாக்குறைக்கு, வீட்டில் ‘வராங்க’ என்று கேட்ட காதுக்குப் புத்தகம் ‘வருகிறார்கள்’ என்கிறது. எழுத்து மொழியும் பேச்சு மொழியும் இப்படிப் பிரிந்து நிற்பதை மொழியியலாளர் ஃபெர்குசன் 1959-லேயே விளக்கியிருக்கிறார். அதை வைத்துக்கொண்டு எந்தத் தமிழை முதலில் எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியது வகுப்பு ஆசிரியர்தான். நான் பேச்சில் தொடங்குகிறேன். தோசைக் கடை மெனு ஒன்றைக் கொடுத்து, இவ்வளவு டாலரில் நான்கு பேர் என்னென்ன சாப்பிடலாம் என்று கேட்கிறேன். பிரபு படித்தால் சிரிப்பார். ஒரு தாத்தா மட்டும், “என்னம்மா, பிள்ளைகளுக்கு ஆத்திசூடி இல்லையா?” என்று வருத்தப்பட்டார். வரும் தாத்தா, கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

போவதென்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு ஒரு யோசனை. உதவித்தொகைக்கான கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி வாக்கில் வரும். சேர்க்கைக்கான தேதி அதற்குப் பிறகும் இருக்கலாம், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். விண்ணப்பிக்கும் முன் துறைக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு நான்கைந்து விஷயம் கேளுங்கள். டீசால் படிப்பு அவர்களிடம் எந்தத் துறையில் இருக்கிறது, மொழியியலிலா, கல்வியியலிலா, ஆங்கிலத் துறையிலா? அதைப் பொறுத்து நீங்கள் படிக்கும் தாள்களே மாறும். சென்ற வருடம் சேர்ந்த வெளிநாட்டு மாணவர்களில் எத்தனை பேருக்கு உதவி ஆசிரியர் வேலை கிடைத்தது? அவர்களுக்குச் சொந்தமாக வகுப்பு கொடுத்தார்களா, பேப்பர் திருத்த வைத்தார்களா? பயிற்சிப் பருவத்தில் நிஜ மாணவர்கள் முன்னால் நிற்க வைப்பார்களா, அல்லது உடன் படிப்பவர்களையே மாணவர்களாக உட்கார வைத்து ஒத்திகை பார்க்கச் சொல்வார்களா? பாடம் எடுக்கும்போது யாராவது பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அப்புறம் அரை மணி நேரம் உங்களோடு பேசுவார்களா? கடைசி இரண்டு கேள்விக்கும் மழுப்பலாகப் பதில் வந்தால், அந்தப் பல்கலைக்கழகம் எவ்வளவு பெரிய பேர் வாங்கியதாக இருந்தாலும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.